பாம்பி படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

வாசகர் கேள்வி, 18 மார்ச் 2024

டிஸ்னியின் பாம்பி என்ற மான்குட்டிக் கார்ட்டூன் படத்தைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு மூன்று நாள் அம்மா முந்தானையை விடாமல் திரிந்தவன் நான். தாயைக் கொன்று பிள்ளைகளை அழவைத்துக் காசு பார்த்த படம். இதை எதற்கு இன்னும் காவியம், கிளாசிக் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம்? என் மகளுக்கு ஆறு வயது. காட்டலாமா, வேண்டாமா? மலைப்பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கெல்லாம் மான் வாசலிலேயே மேயுமாமே.

19 மார்ச் 2024, இரவு

வாசலில் மான் மேயாது. குன்னூரில் எங்கள் வாசலுக்கு வருவது காட்டெருமை. போன மாதம் ஒன்று துணி காயப்போட்ட கொடியை இழுத்துக்கொண்டு, கொம்பில் என் துப்பட்டாவோடு, கீழ்த்தெரு வரை ஊர்வலம் போனது. அதை வைத்து டிஸ்னி படம் எடுத்திருந்தால் ஒரு பிள்ளையும் அழுதிருக்காது.

கேள்விக்கு வருகிறேன். காட்டாதீர்கள். 1992 கிறிஸ்துமஸ் லீவு. அப்போது தலைகுந்தாப் பக்கம் குடியிருந்தோம், எனக்கு ஒன்பது வயது. ஊட்டியிலிருந்து டெக் வாடகைக்கு எடுத்து வந்தார் அப்பா. மூன்று கேசட். இரண்டு ரஜினி படம், மூன்றாவது கடைக்காரர் "பிள்ளைகளுக்கு" என்று சும்மா கொடுத்தது. அந்த ரஜினி படங்கள் எவை என்று இன்று சுத்தமாக மறந்துவிட்டது. சும்மா கொடுத்ததுதான் ஒட்டிக்கொண்டது. தாய் மான் பனியில் சரிந்து விழுவதும், வெள்ளைத் தரையில் சிவப்பு பரவுவதும் முப்பது வருஷமாக அப்படியே நிற்கிறது. என் தம்பிக்கு அப்போது நாலு வயது, அவன் ராத்திரி எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தான்.

தொடர்பில்லாத ஒன்று. போன வாரம் குன்னூர்ப் பக்கம் காடு எரிந்ததே, விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒரு பெரிய வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து தண்ணீர் கொட்டிவிட்டுப் போனது. அந்த வாளிக்குப் பெயர் பாம்பி பக்கெட்! கனடாக்காரர்கள் செய்கிற சாமான். பேப்பரில் அந்தப் பெயரைப் படித்த அன்றுதான் இந்தக் கேள்வியும் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் இங்கே வந்து எழுதியிருக்கவே மாட்டேன்.

20 மார்ச் 2024

படம் எந்த வருஷம் என்று கேட்டவருக்கு: 1947.

24 மார்ச் 2024

மேலே இரண்டு இடத்தில் தப்பு செய்திருக்கிறேன். சின்னதை முதலில் சொல்கிறேன். படம் 1942. 1947 என்பது அதை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்த வருஷம்.

பெரிய தப்பு இது. நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன். எழுபது நிமிஷம்தான். தாய் மான் விழும் காட்சி அதில் இல்லை. ரத்தம் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை.

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். குளிர்காலம் முடிகிற நேரம், பனிக்கு நடுவே கொஞ்சம் புதுப்புல். தாயும் குட்டியும் மேய்கிறார்கள். தாய் தலையைத் தூக்குகிறாள். ஓடு, திரும்பிப் பார்க்காதே என்கிறாள். குட்டி முன்னால், தாய் பின்னால். கொஞ்ச தூரம் இருவரையும் பார்க்கிறோம், பிறகு குட்டியை மட்டும். துப்பாக்கிச் சத்தம். குட்டி புதருக்குள் வந்து சேர்ந்து, தப்பிவிட்டோம் அம்மா என்று திரும்புகிறான். பின்னால் யாரும் இல்லை. அப்புறம் பனி கொட்டுகிறது, அவன் கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறான். பெரிய கலைமான் ஒன்று வந்து நிற்கிறது, உன் அம்மா இனி உன்னோடு இருக்க முடியாது என்கிற மாதிரி ஒரே ஒரு வரி சொல்கிறது. அவ்வளவுதான்.

உடனே வசந்தகாலம், குருவிகள் பாட்டு. அந்த வெட்டு இருக்கிறதே, நேற்று எனக்கு அதுதான் தாங்கவில்லை. சாவு வீட்டிலிருந்து நேராகக் கல்யாண மண்டபத்துக்குள் தள்ளிவிட்ட மாதிரி.

அப்படியென்றால் முப்பது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்த சிவப்பு எங்கிருந்து வந்தது? கேசட் வேறு பதிப்போ என்று தம்பிக்குப் போன் போட்டேன். அவனும் ரத்தத்தைப் பார்த்தானாம். "நல்லா ஞாபகம் இருக்கு க்கா" என்கிறான். நாலு வயது.

25 மார்ச் 2024

இங்கே இதுவரை ஐந்து பேர் நாங்களும் ரத்தம் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் குண்டு பாய்வதையே பார்த்திருக்கிறார். இன்னும் இரண்டு நாள் போனால் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்துவிடும்.

31 மார்ச் 2024

"எப்போது முதல் இதைக் காவியம் என்றார்கள்" என்று கேட்டதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

வந்த புதிதில் அப்படி யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. நடுவில் போர், ஐரோப்பாவில் படம் ஓட வழியில்லை, போட்ட பணம் முதல் சுற்றில் வரவில்லை. மான் நிஜ மான் மாதிரியே நடக்கிறதே, இதற்குக் கார்ட்டூன் எதற்கு என்றும் அப்போது கேட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோவுக்குள் உயிருள்ள மான்குட்டிகளைக் கொண்டுவந்து விட்டு, எலும்பு எலும்பாகப் படித்து வரைந்தவர்களுக்கு இப்படி ஒரு பரிசு. அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கோ ஒரே கோபம். அவுட்டோர் லைஃப் பத்திரிகையின் ஆசிரியர் ரேமண்ட் பிரவுன், இது வேட்டையாடுகிற எங்களை அவமதிக்கிற படம் என்று டிஸ்னிக்கே தந்தி அடித்தார். 1947இல் மறுபடி ஓட்டியபோதுதான் கணக்கு நேரானது. அதன்பிறகு ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக அழப் பிள்ளைகள் கிடைத்தார்கள். 2008இல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அனிமேஷன் படங்களில் மூன்றாம் இடம் கொடுத்தது. 2011இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டார்கள். ஆனால் இதே படத்தின் பெயரைத்தான் அங்கே வசவாகவும் பயன்படுத்துகிறார்கள். அழகாக இருக்கிற மிருகத்துக்கு மட்டும் கண்ணீர் விடுகிறவர்களுக்கு "பாம்பி வியாதி" என்று.

வேட்டைக்காரர் கோபம் என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று சொல்லவேண்டும். நீலகிரியில் காட்டு விலங்குகளைக் காப்பாற்ற முதலில் சங்கம் வைத்தவர்கள் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள்தான், 1877இல். சுட்டுச் சுட்டு, இனிச் சுட ஒன்றும் மிஞ்சாது என்ற நிலை வந்ததும் ஞானம். 1879இல் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தனிச் சட்டமே வந்தது: எந்த மாதம் சுடலாம், யார் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று. காப்பாற்றியது நாளைக்குச் சுடுவதற்காக. இருந்தாலும் அந்த லைசென்ஸ் புத்தகம் இல்லாவிட்டால் இன்று வரையாடு படத்தில் மட்டும்தான் இருந்திருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் மனசு போகிறது.

2 ஏப்ரல் 2024

அப்பாவைப் பற்றி முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஃபயர் வாட்சர். நிரந்தர வேலை இல்லை, சீசன் கூலி. டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல்லெல்லாம் கருகிக் காய்ந்துவிடும். அதற்குள் தீ தாண்டாமலிருக்கப் புல்லைச் செதுக்கித் தீக்கோடு வெட்டி முடிக்கவேண்டும், பிப்ரவரி பிறந்தால் புகை பார்க்கிற வேலை. கையில் ஆயுதம் என்றால் மண்வெட்டியும், ஒடித்த பச்சைக் கொப்பும். கொப்பால் அடித்துத்தான் தீயை அணைப்பார்கள். தீ மேட்டைப் பார்த்து ஓடும், பள்ளத்தைப் பார்த்துத் தவழும், அதனால் தீக்கு மேல்பக்கம் நிற்காதே. இதை எங்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அன்று நாங்கள் தாய் மானுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அப்பா அதற்கெல்லாம் அசையவில்லை. கடைசியில் காடு எரிகிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேட்டைக்கு வந்தவர்கள் போட்ட நெருப்பிலிருந்து பொறி பறந்து, சருகில் விழுந்து, சருகிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மரத்துக்கு. "சரியாத்தான் காட்டறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து: "அது சரி, நெருப்பை அணைக்காமப் போனவன் எவன்? அவன் மூஞ்சியக் காட்டவே இல்லையே."

படம் முழுக்க மனிதன் வருவதே இல்லை. நிழல்கூடக் கிடையாது. சத்தம், நாய்கள், புகை, அவ்வளவே. விமர்சகர்கள் இதைப் படத்தின் உச்சம் என்பார்கள். அப்பாவுக்கு அது தப்பு செய்தவனைக் காப்பாற்றுகிற வேலை மாதிரி தெரிந்தது. போலீஸ் எஃப்ஐஆரில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று எழுதுவார்களே, அந்த மாதிரி.

ஒரு துணுக்கு: 1944இல் அமெரிக்க வனத்துறை காட்டுத் தீ விழிப்புணர்வுப் போஸ்டரில் பாம்பியைப் போட்டது. டிஸ்னி ஒரு வருஷத்துக்குத்தான் கடன் கொடுத்தார்கள். அது முடிந்ததும் சொந்தமாக ஒரு கரடியை வரைந்துகொண்டார்கள். அதுதான் அங்கே பிரபலமான ஸ்மோக்கி கரடி. எங்கள் ஊர்க் கரடி பேக்கரிக் கதவை உடைக்கும், போஸ்டருக்கு ஆகாது.

3 ஏப்ரல் 2024

கொடைக்கானல்காரர் எழுதியதைப் படித்தேன். மார்ச்சில் பழனி மலைச் சரிவில் ராத்திரி நெருப்புக்கோடு தெரிவதை டூரிஸ்ட் "அழகா இருக்கு" என்று போட்டோ எடுக்கிறார்களாம். 2018 குரங்கணிக்குப் பிறகுமா? மலையேறப் போன பிள்ளைகள் அத்தனை பேர் கருகிச் செத்த தீ அது. அந்த வாரம் முழுக்க அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து, "மேட்டைப் பார்த்து ஓடிட்டாங்க போல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

9 மே 2024

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தாயிற்று, 7ஆம் தேதியிலிருந்து. காட்டுக்குள் மனிதன் வந்துவிட்டான் என்று பாம்பியின் அம்மா பயந்து சொல்வாள். இனி க்யூஆர் கோடோடு வருவான்.

14 ஜூலை 2024

மூன்று நாளாக மஞ்சு. எதிர்வீட்டு மாடி இருக்கிறதா இடிந்துவிட்டதா என்றே தெரியவில்லை. வேலைக்கும் போகவில்லை. படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு வெறும் பின்னணி ஓவியங்களை மட்டும் பார்த்தேன்.

மார்ச்சில் எனக்குப் புரியாத ஒன்று புரிந்தது. அந்தப் படத்தில் காடு முழுசாக வரையப்படவே இல்லை. கண் போகிற இடத்தில் நாலு இலை, ஒரு கிளை. சுற்றிலும் நிறம் கரைந்து போகிறது. இலை இலையாக வரைந்தால் மான் அதற்குள் தொலைந்துபோகும் என்று திண்டாடிக்கொண்டிருந்தார்களாம். அப்போது டைரஸ் வோங் என்ற ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்னதாகக் காட்டுப் படங்கள் வரைந்து கொண்டுபோய்க் காட்டினார். சீனாவின் சோங் காலத்து ஓவிய முறை. ஸ்டூடியோவில் அவர் வேலை இன்பிட்வீனர். ஒருவர் வரைந்த அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவே வரும் நூற்றுக்கணக்கான படங்களை நிரப்புகிற குமாஸ்தா வேலை. வோங்கின் ஓவியங்களைப் பார்த்துத்தான் முழுப் படத்துக்கும் நிறம் பிடித்தார்கள்.

ஆனால் ஸ்டூடியோ ஓவியர்கள் நடத்திய 1941 வேலைநிறுத்தம் முடிந்த கையோடு அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். படம் வெளிவந்தபோது பின்னணி வரைந்தவர்கள் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் இருந்தார். 2001இல்தான் டிஸ்னி நிறுவனம் மரியாதை செய்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. 2016 டிசம்பரில் 106 வயதில் இறந்தார். இன்று பாம்பி பற்றி யார் எழுதினாலும் அவர் பெயர்தான் முதலில் வருகிறது. எண்பது வருஷத்துப் படத்தின் பெயர் இப்படியும் மாறும். படம் அதேதான், யார் படம் என்பது மாறிவிட்டது.

இன்னொரு விஷயம், சிரிக்காதீர்கள். 1992இல் அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது, அப்பா கதை சொல்லிக்கொண்டே வந்தார், "பனி பெய்யுது, பனி பெய்யுது" என்று. எங்களுக்குப் பனி என்றால் புல்மேல் உப்பு மாதிரிப் படிகிற உறைபனி. அது எப்படிப் பஞ்சு மாதிரி மேலிருந்து விழும் என்று நானும் தம்பியும் சண்டை போட்டோம். பனி, மூடுபனி, உறைபனி எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழன் மலைமேல் என்னதான் செய்வான்.

11 ஆகஸ்ட் 2024

நாவலைப் படித்தேன். ஃபெலிக்ஸ் சால்டன் எழுதியது, 1923. வியன்னாவில் வாழ்ந்த யூதர். 1936இல் நாஜிகள் புத்தகத்தைத் தடை செய்தார்கள். வேட்டையாடப்படும் உயிர்களின் கதைக்குள் யூதர்களின் நிலைமை ஒளிந்திருக்கிறது என்று படிப்பவர்கள் உண்டு. இதில் வேடிக்கை, சால்டனே துப்பாக்கி தூக்கி வேட்டைக்குப் போனவர். சுடுகிறவன்தான் மானின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார்.

முயல், ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சுகிற ஒரு அமெரிக்கப் பிராணி) கூத்தெல்லாம் புத்தகத்தில் இல்லை. ஸ்கங்க் பூவின் பெயரோடு வருகிறதே, அதை மரநாய் என்று நினைத்த நண்பருக்கு: இல்லை, அது நம்ம ஊரில் கிடையாது. மானும் வேறு. சால்டன் எழுதியது ஐரோப்பாவின் சின்ன மான், டிஸ்னி அமெரிக்காவுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டார். இலையுதிர்காலத்தில் மரத்தில் மிஞ்சிய இரண்டு இலைகள் தங்கள் சாவைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் மேலே போக முடிந்தது.

ஆனால் நான் சொல்லவந்தது முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற இடத்தை. கிழக் கலைமான் பாம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மனிதனின் பிணத்தைக் காட்டுகிறது. வேறொருவன் சுட்டுப் போட்ட பிணம். பார், இவனும் நம்மைப்போல் விழுகிறவன்தான், இவன் சாமி இல்லை என்கிறது. அப்பா 1992இல் கேட்ட மூஞ்சி புத்தகத்தில் இருந்திருக்கிறது! படத்தில்தான் எடுத்துவிட்டார்கள்.

18 ஆகஸ்ட் 2024

ஒரு வாரமாக மண்டையில் ஓடுகிறது. நமக்குப் பள்ளியில் சீறாப்புராணம் வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உமறுப்புலவர். மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் ஒரு பெண்மானைப் பிடித்துக் கட்டிப் போட்டிருக்கிறான். நபிகள் அந்த வழியாக வருகிறார். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று மான் கேட்கிறது. நபிகள் அதற்குப் பிணையாக நிற்கிறார். மான் போய், குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறி விட்டுவிடுகிறான். பிணை என்றால் ஜாமீன், பிணை என்றால் பெண்மான். டீச்சர் இதைச் சொன்னபோது வகுப்பே "ஓ" என்றது.

இரண்டு கதையும் கிட்டத்தட்ட ஒன்று. தாய் மான், குட்டி, கொல்ல வந்தவன். ஆனால் உமறுப்புலவரிடம் வேடன் நேரில் நிற்கிறான், பேசுகிறான், நம்பமாட்டேன் என்கிறான், அப்புறம் நம்புகிறான். டிஸ்னி காட்டில் அவனுக்கு முகம் இல்லாததால் மனம் மாறவும் வழியில்லை. படம் முடியும்போது காடு மறுபடி துளிர்க்கிறது, இரட்டைக் குட்டிகள் பிறக்கின்றன. மனிதன் மட்டும் அதே துப்பாக்கியோடு அப்படியே இருக்கிறான்.

19 ஆகஸ்ட் 2024

"அந்த ஊர்ப் படச் சங்கதியை நம் கதையோடு முடிச்சுப் போடாதீர்கள்" என்று ஒருவர். சரி. ஆனால் நான் மலையில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன், டிஸ்னி ஆபீசில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

6 அக்டோபர் 2024

கூடலூர்க்காரர் ஒருவர் பெரிதாக எழுதியிருக்கிறார். பாம்பி மாதிரிப் படங்கள் வளர்த்துவிட்ட ஆட்கள்தான் மனிதனே இல்லாத காட்டைக் கனவு கண்டு, முதுமலையில் தலைமுறையாக இருப்பவர்களை வெளியே போ என்கிறார்கள் என்று. முதலில் எனக்கு எரிச்சல். ஒரு மான்குட்டி மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா? 1942இல் கலிஃபோர்னியாவில் வரைந்தவனுக்குக் குறும்பரையும் இருளரையும் தெரியுமா? 2006 வன உரிமைச் சட்டம் தெரியுமா?

பிறகு யோசித்தேன். அப்பாவோடு தீக்கோடு வெட்டியவர்களில் பாதிப்பேர் குறும்பரும் இருளரும்தான். அதில் ஒரு பெரியவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் சொன்னது நினைவிருக்கிறது. "எங்க பாட்டன் காலத்துல வருசா வருசம் சின்னத் தீ வெப்போம், முழங்கால் உயரத்துக்குத்தான் எரியும். சின்னத் தீய நிறுத்தினாங்க. இப்ப உண்ணிச்செடி மண்டி, பிடிச்சா மரத்துக்கு மேல போகுது." அந்தப் பெரியவர் பாம்பி பார்த்தால் தன்னை எங்கே வைத்துக்கொள்வார்? படத்தில் காட்டுக்குள் வருகிற மனிதன் ஒரே ஒரு வகைதான். கூடாரம் அடித்து, சுட்டு, நெருப்பை அணைக்காமல் போகிறவன். திண்ணைப் பெரியவருக்கு அதில் இடமே இல்லை.

ஆக, கூடலூர்க்காரருக்குப் பாதி மார்க். மீதி பாதி கொடுக்கமாட்டேன். காட்டிலிருந்து ஆட்களை வெளியேற்றியது மான்குட்டி இல்லை, சர்க்கார் கெசட்.

22 டிசம்பர் 2024

இதை எழுதலாமா வேண்டாமா என்று மார்ச்சிலிருந்து யோசனை. சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தேன் என்பது பொய். அப்போதே தெரியும், வேறு பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்தேன்.

நேற்று தலைகுந்தா போனேன். விடிகாலை, புல்லெல்லாம் வெள்ளை. டூரிஸ்ட்கள் கார் கண்ணாடியில் பேர் எழுதி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் போய் நின்றதும் வந்துவிட்டது.

அந்தக் கேசட்டைப் பார்த்து இரண்டு மூன்று நாள் இருக்கும். காலையில் பல் விளக்கப் பின்பக்கம் போனேன். வெள்ளைப் புல்மேல் சிவப்புச் சொட்டு. வேலியிலிருந்து சமையலறைக் கதவு வரை, கோலப்புள்ளி மாதிரி. ராத்திரி பெரியப்பா வந்திருக்கிறார், சாக்கோடு. அம்மா "கோழி" என்றாள். மத்தியானம் குழம்பு. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கோழி எலும்பு அவ்வளவு பெரிதாக இருக்காது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? கடமான்.

1972லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அதெல்லாம் பெரியப்பாவுக்கும் தெரியும். அவர் இப்போது இல்லை. கெட்டவர் கிடையாது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊட்டி பூங்கா சுற்றிக் காட்டியவர்.

தாய் மான் செத்ததற்கு அழுத வாய், அதே வாரம் கடமான் கறி தின்றது. மூளை என்ன செய்தது பாருங்கள், சொட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் படத்துக்குள் வைத்துவிட்டது. பழியும் டிஸ்னி மேல் போயிற்று. மார்ச்சில் "காட்டாதீர்கள்" என்று எழுதினேனே, அது எதைப் பார்த்து எழுதியது என்று இப்போது எனக்கே சந்தேகம்.

23 டிசம்பர் 2024

பதில் போட்டவர்களுக்கு: ஆமாம், அப்பாவிடம் கேட்டேன். காட்டைக் காக்கிற கூலி வாங்கிக்கொண்டு நீங்கள் அன்று சாப்பிட்டீர்களா என்று. பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார், "சாப்பிட்டேன். உப்பு கம்மி." அப்புறம் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

24 டிசம்பர் 2024

தம்பி இதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். "ஏன் க்கா இதையெல்லாம் ஊருக்குச் சொல்ற." நியாயம். ஆனால் அவனும் ரத்தம் பார்த்தேன் என்றானே. அவனுக்கு எந்த ரத்தம்?

17 ஆகஸ்ட் 2025

பாம்பியை வைத்து ஒரு திகில் படம் வந்திருக்கிறது. வெறி பிடித்த மான் மனிதர்களைத் துரத்திக் கொல்கிறதாம். மூல நாவலுக்கு அமெரிக்காவில் உரிமைக்காலம் முடிந்துவிட்டதால் யாரும் டிஸ்னியைக் கேட்க வேண்டியதில்லை. ட்ரெய்லர் மட்டும் பார்த்தேன். எண்பத்து மூன்று வருஷம் கழித்து மனிதனுக்கு ஒருவழியாக முகம் கிடைத்தது, அதையும் மான் மிதித்துவிட்டது.

26 அக்டோபர் 2025

முதலில் கேள்வி கேட்டவர் இன்னும் இங்கே வருகிறாரா தெரியாது, அவர் மகளுக்கு இப்போது ஏழரை வயது ஆகியிருக்கும். இருந்தாலும் பதில் பாக்கி.

தீபாவளி லீவுக்குத் தம்பி குடும்பம் வந்தது. அவன் மகளுக்கு ஆறு. வெளியே மழை, பட்டாசும் நமத்துவிட்டது. அவளே ரிமோட்டில் தேடிப் போட்டாள். தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். தடுக்கவில்லை.

முயல் ஐஸில் வழுக்கியபோது புரண்டு புரண்டு சிரித்தாள். துப்பாக்கிச் சத்தம் வந்ததும் எழுந்து போய் அவள் அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டாள், கண் டிவியில்தான். அழவில்லை. தம்பி அழுதான். பெரிய கலைமான் வந்து நின்றது. "இது யாரு அத்தை?" அவன் அப்பா என்றேன். "இவ்வளவு நாள் எங்க போயிருந்தாரு?" என்றாள். குளிர்காலம் முழுக்க அம்மா மட்டும் மரப்பட்டையைக் கடித்து ஊட்டினாளே, அப்போது ஏன் வரவில்லை என்று அவளுக்கு ஒரே கோபம். அந்தக் கோபம் படம் முடியும்வரை தீரவில்லை. எண்பது வருஷத்து விமர்சகர்களில் யாராவது கேட்டார்களோ என்னவோ, எனக்கு இது தோன்றவே இல்லை. ஆக, காட்டுங்கள். அம்மா பற்றிய கேள்விக்குத் தயாராக இருக்காதீர்கள், அப்பா பற்றிய கேள்விக்குத் தயாராக இருங்கள்.

தீப்பிடிக்கிற இடத்தில் அப்பா, எழுபத்து மூன்று வயது, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 1992இல் கேட்டதையே வார்த்தை மாறாமல் கேட்டார், அவன் மூஞ்சியக் காட்டவே இல்லையே என்று. முன்பு அதே கேள்வியைக் கேட்டது அவருக்கு நினைவில்லை.

"தேடலாம் தாத்தா" என்று அவள் ரிமோட்டை எடுத்துவிட்டாள். பின்னால் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தி. நெருப்பு இருக்கிறது. புகை இருக்கிறது. "இதோ காலு" என்றாள் ஒரு இடத்தில். மரத்தின் வேர். பத்து நிமிஷத்தில் அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். தம்பி போய்ப் படுத்தான். அவள் மட்டும் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, ஒரு கண்ணை மூடி, இன்னும் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தாள்.